தடுக்கிய சொல்லுக்கு அடுத்த ஐந்து நொடி

வாசிக்கத் தடுமாறும் குழந்தையை வகுப்பறையில் கண்டுபிடிப்பது லேசில்லை. மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அது மறைந்துகொள்ளக் கற்றிருக்கும். எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு வாசிக்கும்போது அரை நொடி பின்னால் அதே சொல்லைச் சொல்லும். விரல் புத்தகத்தில் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும், இரண்டு வரி தள்ளி. பக்கத்து வீட்டு அண்ணன் வாசித்ததைக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும். தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னால் தண்ணீர் தவிக்கும், வயிறு வலிக்கும், புத்தகம் வீட்டில் இருக்கும். சில பிள்ளைகள் சேட்டைக்காரர்களாக மாறுவதும் இதனால்தான். ‘வாலு’ என்று பெயர் வாங்குவது ‘மக்கு’ என்று பெயர் வாங்குவதைவிட எவ்வளவோ மேல் என்பது எட்டு வயதிலேயே புரிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மாலையில் தனியாக உட்கார்ந்து வாசிக்கச் சொல்லித்தருபவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், தெருவில் டியூஷன் எடுக்கும் அக்காக்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பேரப்பிள்ளையோடு மல்லுக்கட்டும் தாத்தாக்கள். யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: “பிள்ளைக்குத் தன்னம்பிக்கையே இல்லை, முதலில் அதை வளர்க்கணும்.” அதற்காகப் பாராட்டிலிருந்து தொடங்குகிறார்கள். கைதட்டல், நட்சத்திர ஸ்டிக்கர், ‘சூப்பர்’, ‘வெரிகுட்’.

நோக்கம் நல்லதுதான். ஆனால் தன்னம்பிக்கையைத் தனியாக ஊட்டிவிட்டு, பிறகு வாசிப்பைக் கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு சொல்லில் தடுக்கி, கொஞ்சம் திணறி, தானே அதை மீட்டு வாசித்த அனுபவம் நாள்தோறும் சேரச் சேரத்தான் அது வருகிறது. எனவே சொல்லித்தருபவரின் வேலை பெரும்பாலும் அந்தத் தடுக்கலுக்கு அடுத்த சில நொடிகளில்தான் இருக்கிறது. அந்த நொடிகளில் என்ன செய்கிறோம், என்ன செய்யாமல் இருக்கிறோம் என்பதை வைத்தே குழந்தை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறது.

முதலில், பிரச்சினை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். 2005 முதல் நடக்கும் அசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வில், தன்னார்வலர்கள் கிராமப்புற வீடுகளுக்கே போய் ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியாக ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், எளிய பத்தி, அதன்பின் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் அந்தக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் இந்திய அளவில் 2018இல் 27.3 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 20.5 ஆகச் சரிந்து, 2024இல் 27.1 ஆகத் தேறினார்கள். தமிழ்நாட்டில் இந்த விகிதம் 2018இலேயே சுமார் 10 விழுக்காடுதான். 2022இல் 5 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அதன்பின் நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும், வகுப்புக்குரிய பாடத்தை வாசிக்க முடியாத குழந்தை எங்கோ அரிதாக இருப்பதில்லை. பெரும்பாலான வகுப்புகளில் பெரும்பான்மையே அதுதான். இதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பிள்ளை மட்டும்தான் பின்தங்கிவிட்டது என்று எண்ணி அவர்கள் கூனிக்குறுகுவதும், அந்தக் கூச்சம் அப்படியே பிள்ளையிடம் இறங்குவதும் தேவையே இல்லாத துன்பம்.

‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் விளக்கினார். அவர் நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார்: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்து உடல் நிலை, அதாவது படபடப்பா நிதானமா என்பது. நான்கில் வலுவானது முதலாவது. ஊக்க வார்த்தைக்கு வலு குறைவு. அனுபவம் அதற்கு எதிராக இருந்தால் அது ஒரே நாளில் கரைந்துவிடும். “நீ நல்லா வாசிப்பே” என்று நூறு முறை கேட்ட குழந்தை, மறுநாள் வகுப்பில் நான்கு வரி வாசிக்க முடியாமல் நின்றால் எதை நம்பும்? தான் நின்றதைத்தான்.

இதற்குள் ஒரு சுழலும் இருக்கிறது. வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் அதை விரிவாக எழுதினார். நன்றாக வாசிப்பவர்கள் விரும்பி நிறைய வாசிக்கிறார்கள், அதனால் சொல்வளம் கூடுகிறது, அதனால் வாசிப்பு இன்னும் எளிதாகிறது. தடுமாறுபவர்கள் தவிர்க்கிறார்கள், பயிற்சி குறைகிறது, இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிறது. முதல் வகுப்பில் நான்கு எழுத்து வித்தியாசமாக இருந்தது ஐந்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தெரியும். கணக்கில்கூட, கேள்வியை வாசித்தால்தானே கூட்டுவதா கழிப்பதா என்று தெரியும்? ஆகவே தவிர்த்துப் பழகிய குழந்தையைத் திரும்ப வாசிக்கும் இடத்துக்கு இழுத்துவருவதுதான் முதல் வேலை. பயம் இருக்கும்வரை அது வராது. பயந்த குழந்தையின் கவனத்தில் பாதி, எதிரே இருப்பவரின் முகத்தை வாசிப்பதிலேயே போய்விடுகிறது.

தமிழில் வாசிக்கப் பழகும் குழந்தை எங்கே தடுக்கும் என்பது சொல்லித்தருபவருக்குத் தெரிந்திருந்தால் பாதிக் கோபம் வராது. பள்ளிப் பாடமாக நாம் மறந்துபோன விஷயம்தான், ஆனால் எட்டு வயதுக் கண்ணால் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும்.

247 எழுத்து என்று சொல்லும்போதே குழந்தைக்கு மலைப்பு வரும். உண்மையில் கற்க வேண்டியது அவ்வளவு இல்லை. 12 உயிர், 18 மெய், சில குறிகள். ‘க’வுக்குப் பக்கத்தில் துணைக்கால் போட்டால் ‘கா’ என்பது பிடிபட்டுவிட்டால் அந்த வரிசை முழுவதும் கைக்கு வந்துவிடும். 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் போய், இந்த ஒழுங்கு இன்னும் சீரானது. பின்தங்கிய குழந்தைகளுக்கு அது செய்த உபகாரம் பெரிது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் இன்னும் பிடிவாதமாக நிற்கின்றன. கு, சு, டு, து, மு, ரு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும். அவற்றைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும், அதற்கு நாளாகும்.

அடுத்தது கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாய்க்கு முதலில் வர வேண்டியதோ ‘க்’. ‘கொ’, ‘கோ’ என்று வந்தால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் பார்த்த பிறகே வாயைத் திறக்க முடியும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகும் குழந்தை ‘கெ… கா’ என்று வாசிப்பதில் என்ன தப்பு இருக்கிறது? அது கண்டதைக் கண்ட வரிசையில் சொல்கிறது. ‘கௌ’வின் கடைசியில் இருப்பது ‘ள’ மாதிரியே இருக்கும் என்பதால் ‘கெள’ என்று வாசிப்பதும் அப்படித்தான். “இது எல்லாரையும் ஏமாத்துற எழுத்து, எங்களையும் ஏமாத்துச்சு” என்று சொல்லிவிட்டால் தப்பு குழந்தையின் தலையிலிருந்து இறங்கி எழுத்தின் தலைமேல் ஏறிக்கொள்ளும். சின்ன வாக்கியம், பெரிய நிம்மதி.

ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ விஷயத்தில் காதும் உதவிக்கு வராது. பேச்சில் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகத்தான் ஒலிக்கிறோம். ர, றவும் அப்படியே. ழகரம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எழுத்துகள் அத்தனையும் தெரிந்த குழந்தையும் சொல்லில் வந்து நிற்பதுண்டு. மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று பெயர் சொல்லிப் பழகியிருப்பதால் ‘பட்டம்’ என்பதைப் ‘ப… இட்… ட… இம்’ என்று நான்கு துண்டாகச் சொல்லிவிட்டு விழிக்கும். அந்த நான்கையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பட்டம் பறக்காது. இங்கே செய்ய வேண்டியது எளிது: மெய்யை முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிவிடுவது. ‘பட்… டம்’. ‘தங்… கம்’. ‘கொக்… கு’. பென்சிலால் சொல்லுக்கு அடியில் இரண்டு சிறு வளைவு போட்டுக் காட்டினால் போதும். எழுத்து தெரிந்தும் வாசிப்பு வராமல் மாதக்கணக்கில் நிற்கும் பிள்ளைகளில் பலர் இந்தப் படியில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு மறுபடியும் ‘அ, ஆ’விலிருந்து தொடங்கினால் அவமானம்தான் மிஞ்சும்.

இனி அந்த நொடிகளுக்கு வரலாம். 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் தென் ஆக்லாந்தில், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர்களின் பெற்றோரே வீட்டில் உதவுவது எப்படி என்று டெட் க்ளின், ஸ்டூவர்ட் மெக்நாட்டன் முதலிய ஆய்வாளர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். பொறு, துப்புக் கொடு, பாராட்டு என்ற மூன்று படிகள். பிள்ளை தடுக்கினால் ஏறத்தாழ ஐந்து நொடியாவது, அல்லது வாக்கியம் முடியும்வரையாவது, வாயைத் திறக்கக் கூடாது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் சொல்லைச் சொல்லிவிடாமல் துப்பு மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டு துப்புக்கும் வராவிட்டால் சொல்லையே சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். சரிசெய்தால் என்ன செய்து சரிசெய்தது என்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும்.

ஐந்து நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு குழந்தை திணறிக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நம் ஊர்ப் பழக்கம் உடனே எடுத்துக்கொடுப்பது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறை எடுத்துக்கொடுக்கும்போதும், ‘உன்னால் வராது, நான் சொல்கிறேன்’ என்ற செய்தியும் கூடவே போகிறது. குழந்தையும் சீக்கிரமே பழகிவிடும்: முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தால் மீதி தானாக வந்து விழும். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டார். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோதே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

துப்பு எப்படிக் கொடுப்பது என்பதை ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். ‘கொக்கு குளத்தில் மீன் பிடித்தது.’ மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இதை வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “கெ… கெக்… கொக்கு” என்று அவனே வந்து சேர்கிறான். அடுத்து “குடத்தில் மீன் பிடித்தது” என்கிறான். உடனே “தப்பு, குளம்” என்றால் ஒரு சொல் சரியாகும், அவ்வளவுதான். வாக்கியம் முடியும்வரை பொறுத்து, “குடத்துல கொக்கு மீன் பிடிக்குமா தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பான். திரும்பப் போய், விரலை வைத்து, “குள… குளத்தில்” என்பான். இப்போது அவனுக்குக் கிடைத்தது ஒரு சொல் மட்டும் இல்லை. வாசித்தது அர்த்தமாக இருக்கிறதா என்று தானே பார்க்கலாம், இல்லாவிட்டால் தானே திரும்பிப் போகலாம் என்ற பிடி கிடைத்திருக்கிறது. அதை அவன் நாளைக்கு யாரும் இல்லாத இடத்திலும் எடுத்துப் பயன்படுத்துவான்.

இதே சிறுவன் ‘குளத்தில்’ என்பதற்குக் ‘குட்டையில்’ என்று வாசித்தால் அர்த்தம் பொருந்துகிறது, எழுத்து பொருந்தவில்லை. அப்போது அர்த்தத்தைக் கேட்டுப் பயனில்லை. “ரெண்டாவது எழுத்தைப் பாரு” என்பதே துப்பு. ஒன்றுமே சொல்லாமல் நின்றுவிட்டால் வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லலாம். ஓடிவந்து தாண்டுவது போல அந்த வேகத்திலேயே பல சொற்கள் வந்துவிடும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள்கூட இதில்தான் மனம் உடைகிறார்கள். புத்தகத்தில் ‘காகம் பறக்கிறது’ என்று இருக்கும். குழந்தை “காக்கா பறக்குது” என்று வாசிக்கும். உடனே ஒரு அதட்டல்: “எழுத்தைப் பார்த்துப் படி!” உண்மையில் நடந்தது என்ன? அது எழுத்தைப் பார்த்தது, சொல்லைப் புரிந்துகொண்டது, தன் வீட்டுப் பேச்சில் அதைத் திருப்பிச் சொன்னது. வாசிப்பின் நோக்கமே அதுதான். எழுத்துக்கூட்டி ‘ப… ற… இக்… கி… ற… து’ என்று பிசகில்லாமல் சொல்லிவிட்டு, என்ன பறந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையைவிட இது இரண்டு படி மேலே இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் ‘வந்தாங்க’, ‘மழ பெய்யுது’, ‘போய்ட்டான்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். ‘வந்தார்கள்’, ‘பெய்கிறது’, ‘போய்விட்டான்’ என்பவை அவர்களுக்குக் கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் புதியவை. கன்னியாகுமரிப் பிள்ளைக்கு ஒரு தூரம், தருமபுரிப் பிள்ளைக்கு ஒரு தூரம், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருளர் மொழியோ பேசும் பிள்ளைக்கு இன்னும் அதிகத் தூரம்.

அதனால் ‘பறக்குது’ என்று வாசித்தால் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். “ஆமா, பறக்குது. புத்தகத்துல அதை எப்படி எழுதியிருக்காங்க பாரு.” இவ்வளவு போதும். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொல்லாமலே நூல் நடை கைக்கு வரும். இதற்கு இன்னொரு வழி, குழந்தைக்கு நிறைய வாசித்துக்காட்டுவது. வாசிக்கத் தெரியாததால் கதை கேட்கும் உரிமை போய்விடக் கூடாது. தினமும் பத்து நிமிடம் நல்ல நடையில் ஒரு கதை காதில் விழுந்தால், ‘வந்தார்கள்’ என்பது ஒரு நாள் புத்தகத்தில் எதிர்ப்படும்போது ஏற்கெனவே கேட்ட குரலாக இருக்கும்.

பாராட்டைப் பற்றி முன்பு கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அதன் இடத்தையும் சொல்ல வேண்டும். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரிடம் ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் அதில் தோற்றதும் துவண்டார்கள். அடுத்து வந்த எளிய புதிர்களிலும் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைச் சொல்லச் சொன்னபோது கூட்டிச் சொன்னவர்கள் அவர்களில் அதிகம். இத்தகைய பாராட்டின் விளைவு வகுப்பறையில் எவ்வளவு பெரியது என்பதில் பின்னால் விவாதங்கள் உண்டு. ஆனாலும் வாசிக்கச் சொல்லித்தருபவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. “சூப்பர்” என்பது குழந்தைக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை. “குடம்னு வாசிச்சே, சரியா வரலேன்னு நீயே திரும்பிப் போய்ப் பார்த்தே, அதான் நல்லா இருந்துச்சு” என்பது, தான் செய்ததைத் தனக்கே காட்டுகிறது. மறுபடி செய்ய அதில் வழியும் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இப்படி மூன்று முறை சொல்ல முடிந்தால் ஸ்டிக்கர் தேவைப்படாது.

இவை எல்லாம் நடக்க ஒரு முன்நிபந்தனை உண்டு. வாசிக்கக் கொடுப்பது அந்தக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வரிக்கு ஒரு தடுக்கல் என்றால் மீளலாம். சொல்லுக்கு ஒரு தடுக்கல் என்றால் ஐந்து நொடிப் பொறுமை வெறும் வதையாகிவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளை என்பதால் நான்காம் வகுப்புப் பாடத்தைத்தான் வாசிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே பெரிய தடை. டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரும் “நாளைக்கு டெஸ்ட், பாடத்தை முடிச்சு விடுங்க” என்றுதான் கேட்பார்கள். அவர்கள் நிலையிலிருந்து அது நியாயமான கேட்பு. இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடமாவது குழந்தையின் உண்மையான மட்டத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

இந்த எண்ணத்துக்கு நாட்டிலேயே ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு அடிப்படையிலிருந்து சொல்லித்தந்தது. ‘பால்சகி’ என்று அந்தப் பெண்களுக்குப் பெயர். மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ முதலியோர் அதை ஆராய்ந்தார்கள். கற்றல் தெளிவாக உயர்ந்தது. மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே பெரிய பலன் கிடைத்தது. வகுப்பையோ வயதையோ பார்க்காமல் இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக் கற்பிப்பது பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று மட்டமாகப் பிரிப்பதும் இந்த வழிதான்.

எட்டும் புத்தகத்தைக் கொடுப்பதில் ஒரு நுட்பம் வேண்டும். ஒன்பது வயதுப் பையனிடம் எல்கேஜிப் படப்புத்தகத்தை நீட்டினால், அதுவும் தங்கைக்கு முன்னால் நீட்டினால், அன்றோடு சரி. வரிகள் எளிதாக இருக்க வேண்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட மெல்லிய கதைப் புத்தகங்கள் இதற்கு நன்றாக உதவுகின்றன. நுழை, நட, ஓடு, பற என்று அவற்றுக்கு வைத்திருக்கும் படிநிலைகளில் வகுப்பு எண் இல்லை என்பதே பெரிய ஆறுதல். ‘நுழை’ புத்தகம் வாசிப்பவன் எந்த வகுப்பிலும் இருக்கலாம். ஒரே உட்காரலில் முடித்துவிடக்கூடிய அளவு என்பதால் ‘ஒரு புத்தகத்தை முழுசா வாசிச்சேன்’ என்று வீட்டில் போய்ச் சொல்லவும் முடிகிறது. அதே புத்தகத்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் வாசிக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவல்ஸ் 1979இலேயே சொன்னபடி, ஒரே சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது வேகத்தையும் சரளத்தையும் கூட்டுகிறது. முதல் நாள் குரலையும் நான்காம் நாள் குரலையும் செல்போனில் பதிந்து போட்டுக்காட்டினால் குழந்தை தன் முன்னேற்றத்தைத் தன் காதாலேயே கேட்கும்.

சொல்லித்தருபவர் யார் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் 2021 நவம்பரில் தொடக்கப்பள்ளிகள் திறந்தபோது பிள்ளைகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வகுப்பைப் பார்த்திருக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்புதான், அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் வீட்டு வாசலிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லித்தந்தார்கள். பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பெருந்தொற்றால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள்.

பயிற்சி குறைந்த தன்னார்வலர்களால் இது எப்படி முடிந்தது? பள்ளியின் பதற்றம் இல்லாத இடம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே மதிப்பெண் இல்லை. சொல்லித்தருபவர் ‘மிஸ்’ ஆக இருப்பதைவிட ‘அக்கா’வாக இருந்தார். வீட்டில் பேசும் அதே பேச்சு. தன் தெருவிலிருந்து படித்து மேலே போன ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, பண்டுரா சொன்ன இரண்டாவது ஊற்று. இதைச் சொல்வதால் தன்னார்வலர்கள் ஆசிரியருக்கு மாற்று என்று பொருளில்லை. ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் ஆயிரம் ரூபாயில் காரியத்தை முடித்துக்கொள்ள அரசுகள் நினைத்தால் அது பிள்ளைகளுக்கும் அந்தப் பெண்களுக்கும் செய்யும் அநியாயம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் காது கொடுத்துக் கேட்கலாம், “அப்புறம் அந்தக் கொக்கு என்ன ஆச்சு?” என்று கேட்கலாம். செய்யக் கூடாதது இரண்டு. பிள்ளையை வைத்துக்கொண்டே “இவனுக்குப் படிப்பே வராதுங்க” என்று பிறரிடம் சொல்லக் கூடாது. அக்காவோடும் சித்தப்பா பெண்ணோடும் ஒப்பிடக் கூடாது. இந்த இரண்டும் நின்றாலே சொல்லித்தருபவரின் வேலை பாதி குறையும்.

மாற்றம் வருகிறதா என்பதைக் குழந்தையின் முகமலர்ச்சியை வைத்துக் கணிக்க வேண்டாம்; அது ஆளைப் பொறுத்தது. தடுக்கியதும் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, சொல்லைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். சொல்லையே பார்க்கத் தொடங்கியிருந்தால் பாதி தூரம் வந்தாயிற்று. யாரும் சொல்லாமல் பின்னால் போய்த் திருத்திக்கொள்வது, பஸ் பலகையையும் பிஸ்கட் பாக்கெட்டையும் தானாக வாசித்துப் பார்ப்பது, “இந்தச் சொல்லுக்கு என்னக்கா அர்த்தம்?” என்று கேட்பது எல்லாம் அடுத்தடுத்து வரும். தெரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிவதும் தன்னம்பிக்கையின் அடையாளம்தான்.

நிதானமாக, ஒழுங்காக, மாதக்கணக்கில் செய்தும் சில பிள்ளைகள் நகராமல் இருப்பார்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். கரும்பலகையே சரியாகத் தெரியாத பிள்ளைக்கு எந்த முறையும் உதவாது. அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் கிடைக்கின்றன. அதில் குறையில்லை, பேச்சும் புரிதலும் நன்றாக இருக்கிறது, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். சோம்பலுக்கும் அறிவுக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை உறுதிசெய்வது பயிற்சி பெற்ற நிபுணரின் வேலை. நாமாகப் பெயர் சூட்டிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் உள்ளடக்குகிறது. முறையான சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1990களிலிருந்து இதற்கென்றே இயங்கிவருகிறது. மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களையும் அணுகலாம். மூன்றாம் வகுப்பிலேயே அழைத்துப்போவது நல்லது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது சான்றுக்கு அலைபவர்களே அதிகம், அதற்குள் ஏழு ஆண்டு கடந்துபோயிருக்கும்.